முசேவுக்குப் போட்ட வெட்டுக்கிளி

பகோலி அருவருக்காத பொருள் அம்பலவாவு ஊரில் அதிகம் இல்லை. ஆறிய பாலில் மிதக்கும் ஆடை, சீப்பில் சிக்கிய அடுத்தவள் முடி, மீனின் கண், காயாத துணியின் முடை நாற்றம், பக்கத்தில் உட்கார்ந்து சூப்பை உறிஞ்சுகிறவன் வாய். இத்தனையும் போதாதென்று அவள் பிழைப்பு ஒரு விடுதிச் சமையலறையில் அமைந்தது. பதினெட்டு வருஷமாக அடுத்தவர் மிச்சம் வைத்த தட்டை வழித்தும், கோழிக் குடலை உருவியும், முகத்தைச் சுளித்துச் சுளித்தே மூக்குக்கு இரண்டு பக்கமும் ஆழமாகக் கோடு விழுந்துவிட்டது. “அண்ணி சிரிச்சாக்கூட காறித் துப்பப் போற மாதிரிதான் இருக்கும்” என்பான் செத்துப்போன அவள் புருஷனின் தம்பி ஜெர்மேன்.

இந்தப் பட்டியலில் முதல் இடம் பச்சோந்திக்கு. அது ஒன்றும் அவளுடைய தனிச் சொத்து இல்லை. எங்கள் ஊரில் லாரி ஓட்டுகிறவன் மனுஷனைப் பார்த்துப் பிரேக் போடாமல் போவான். ரோட்டில் பச்சோந்தி ஊர்ந்தால் வண்டியை நிறுத்திவிட்டு, அது அந்தப் பக்கம் போய்ச் சேரும்வரை வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பான். கொல்லவும் மாட்டோம், தொடவும் மாட்டோம். ஒரு கண் நம்மைப் பார்க்கும்போதே இன்னொரு கண் பின்னால் யார் வருகிறார்கள் என்று பார்க்கும் பிராணியோடு யாருக்கு என்ன உறவு?

பகோலியின் தாய்வழியில் இதற்கு மேலும் ஒரு விலக்கு இருந்தது. பச்சோந்தியை வெறுங்கையால் தொட்டவள், தன் குடும்பத்தில் பிறக்கும் குழந்தையை அதற்கு முதல் முடி வெட்டும் நாள்வரை தொடக்கூடாது. மூன்று மாதம் ஆகும். அதுவரை தூக்கக்கூடாது, குளிப்பாட்டக்கூடாது, போர்வையைக்கூடச் சரிசெய்யக்கூடாது. வேறு குடும்பங்களுக்கு வேறு விலக்குகள் உண்டு, பன்றிக்கறி கூடாது, வியாழக்கிழமை மண்வெட்டி எடுக்கக்கூடாது என்று. இவர்களுக்கு இது. தொடவே குமட்டுகிற ஒன்றைத் தொடாதே என்று சொல்லும் விலக்கைக் காப்பாற்றுவதில் பகோலிக்கு ஒரு சிரமமும் இருந்ததில்லை, மதாம் லிடீ அந்தச் சனியனை விடுதிக்குள் கொண்டுவரும்வரை.

மதாம் லிடீ விடுதியின் முதலாளி. தலைநகரத்தில் படித்தவள், பகோலியைவிடப் பத்து வயது சின்னவள். மாட்டுச் சந்தைக்குப் போகும் மேட்டு ரோட்டில் முன்னங்கால் ஒடிந்து கிடந்த ஒரு கிழட்டுப் பச்சோந்தியை மண்வாரியில் அள்ளிக்கொண்டு வந்தாள். முழங்கைக்கு மேல் நீளம், காய்ந்த சாணி நிறம், தலையில் கொண்டை. அதை வளர்க்க முறையாக அனுமதிக் காகிதம் வாங்கி, தாழ்வாரத்தில் கம்பிவலைக் கூண்டு கட்டி, உள்ளே கொய்யாக் கிளை நட்டு, அதற்கு ‘முசே’, அதாவது ‘ஐயா’, என்று பெயரும் வைத்தாள். வெள்ளைக்காரர்கள் கூண்டின் முன்னால் நாற்காலி போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள். முசே நாக்கை வீசிப் பூச்சியைப் பிடித்தால் கைதட்டினார்கள். பகோலி அந்தப் பக்கம் போகவேண்டியிருந்தால் பின்கட்டைச் சுற்றிக்கொண்டு போனாள்.

தீனி பார்த்துக்கொண்ட ஆள் மலைப் பூங்காவில் வழிகாட்டி வேலை கிடைத்துப் போய்விட்டான். அந்த வாரமே மதாம் சமையலறைக்கு வந்தாள்.

“பகோலிக்கா, முசேவுக்கு நீங்கதான் தீனி வெக்கணும்.”

“நானா? மதாம், அந்த மூஞ்சியப் பாத்தாலே எனக்குச் சோறு எறங்காது.”

“மாசம் அரை மூட்டை அரிசி கூடத் தரேன்.”

மகள் ஹரிசுவா பிரசவத்துக்கு வீட்டுக்கு வந்திருந்த நேரம் அது. கல்யாணமாகி ஆறு வருஷத்தில் இரண்டு கரு கலைந்து, மூன்றாவது இப்போதுதான் எட்டு மாதத்தை எட்டியிருந்தது. அந்தக் குழந்தையை முதலில் வாங்கப்போவது தன் கை என்று பகோலி ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். மகள் வயிறு நிறையச் சாப்பிட வேண்டும். அரிசிக்காக ஒப்புக்கொண்டாள். ஆனால் ஒரே நிபந்தனை போட்டாள்.

“கையால தொட மாட்டேன். இடுக்கியாலதான் குடுப்பேன். எங்க வீட்டு விலக்கு தெரியுமில்ல?”

“தொடவே வேணாம்க்கா” என்றாள் மதாம்.

அன்றே அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒரு காகிதம் ஒட்டப்பட்டது. அதைப் படித்த பகோலிக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தன. பூச்சியின் உடம்பு முசேவின் இரண்டு கண்ணுக்கு நடுவே உள்ள அகலத்தைத் தாண்டக்கூடாதாம். பெரிதாகப் போட்டால் தொண்டையில் அடைக்குமாம். மின்மினி ஒன்று போதுமாம், ஆளை முடிக்க. மயிர் முளைத்த புழு, நாற்றப்பூச்சி, சிவப்பும் மஞ்சளுமாகப் பளபளக்கிற எதுவும் ஆகாது. வெட்டுக்கிளியின் பின்னங்காலில் முள் இருக்கும், ஒடித்துவிட வேண்டும். சாயங்காலத்துக்குள் தின்னாமல் விட்டதைப் பொறுக்கி வெளியே போட வேண்டும், இல்லாவிட்டால் முசே அசந்திருக்கும்போது பூச்சி அதன் தோலைக் கடிக்கும். ரோட்டோரத்தில் பிடிக்கக்கூடாது. மருந்தடித்த வயலில் பிடிக்கவே கூடாது. இதற்குக் கீழே இரண்டு கோடு. பிடித்ததை ஒரு நாள் முழுக்கக் கொசுவலையில் வைத்து, நல்ல இலை போட்டு, ஆரோக்கியமாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம்தான் கொடுக்க வேண்டும்.

“இந்தப் பிராணிக்கு இருக்கிற சட்டம் என் வீட்டுல மனுஷங்களுக்கு இல்ல” என்று பகோலி அன்று மாலை மகளிடம் சொன்னாள். “நான் உன்னப் பெத்தப்போ எனக்கு யாரும் ரெண்டு கண்ணுக்கு நடுவுல அளந்து சோறு போடல.”

ஹரிசுவா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “நாக்கு எவ்ளோ நீளம்மா இருக்கும்?”

“கேக்காத. உனக்குப் பாவம் புடிக்கும்.”

அன்றாடம் விடிந்ததும் பகோலி ஒரு பழைய எண்ணெய் டப்பாவோடு மரவள்ளித் தோட்டத்தில் இறங்கினாள். இலையைத் திருப்பினால் ஒட்டிக்கொண்டிருக்கும் பச்சைப் பிசுக்கு. கும்பிடுபூச்சியின் முக்கோண மூஞ்சி. நசுக்கினால் வெள்ளையாகப் பிதுங்குகிற சுவர்க்கோழி. டப்பாவுக்குள் அவை ஒன்றன்மேல் ஒன்று ஏறிச் சரசரக்கும் சத்தம் அவள் பல்லைக் கூசவைத்தது. மூங்கிலில் ஒரு முழ நீளத்துக்கு இடுக்கி செய்து வைத்திருந்தாள். அதன் நுனியில் பூச்சியைப் பிடித்து, தலையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, கூண்டுக்குள் நீட்டுவாள். முசே கண்ணை உருட்டும். வாய் மெல்லத் திறக்கும், உள்ளே நாக்கு ஈரமான இளஞ்சிவப்பு உருண்டையாகத் தெரியும். பிறகு சளப் என்று ஒரு சத்தம். இடுக்கியின் நுனியில் நூலாக எச்சில் தொங்கும். பகோலி அதைச் சாம்பல் போட்டு மூன்று முறை தேய்த்துக் கழுவுவாள். அதற்கப்புறம்தான் அரிசி களைவாள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், வெட்டுக்கிளி வறுவல் என்றால் அவளுக்கு உயிர். அது பூச்சிக் கணக்கில் சேராது, சாப்பாட்டுக் கணக்கு. விடியற்காலை, இறகு பனியில் நனைந்து பறக்க முடியாமல் புல்லில் ஒட்டியிருக்கும்போது கூடை கூடையாக அள்ளி, இறகையும் காலையும் பிய்த்து, உப்புத் தண்ணீரில் ஒரு கொதி விட்டு, எண்ணெயில் மொறுமொறுவென்று வறுத்தால் இரண்டு தட்டுச் சோறு போகும். எங்கள் பக்கத்தில் அதற்கு இருக்கிற சோதனை ஒன்றே ஒன்று: துள்ளுகிறதா, கிடக்கிறதா. செத்துக் கிடப்பதைத் தொடமாட்டோம். கையில் எடுத்தால் உதைத்துத் துள்ளுகிற கிளியில் விஷம் இருக்காது என்பது யாரும் சொல்லித்தராமலே எல்லாருக்கும் தெரிந்த விஷயம். தெரிந்ததாக நினைத்துக்கொண்டிருந்த விஷயம்.

அந்த வருஷம் மழைக்கு முன்னால் தெற்கிலிருந்து வெட்டுக்கிளிப் படை வந்தது. மத்தியானத்தில் வானம் பழுப்பாகி, தகரக் கூரையில் கல்மாரி பெய்கிற மாதிரி சத்தம். பச்சையாக இருந்ததெல்லாம் இரண்டு நாளில் குச்சியானது. மூன்றாம் நாள் மலைக்கு அந்தப் பக்கம் விமானம் தாழப் பறந்து மருந்து தெளித்தது. இந்தப் பக்கம் வரவில்லை.

“அம்மா, கிளி வறுவல் தின்னணும் போல இருக்கு” என்றாள் ஹரிசுவா. “நேத்து கனவுலகூட தின்னேன்.”

பிள்ளைத்தாய்ச்சி ஆசைப்பட்டதை இல்லை என்று சொல்ல எந்தத் தாய்க்கு மனசு வரும்? மறுநாள் கருக்கலில் பகோலியும் ஜெர்மேனும் செங்கல் சூளைக்குப் பின்னால் இருந்த புல்வெளிக்குப் போனார்கள். தரை முழுக்கக் கிளி. கால் வைத்த இடமெல்லாம் நறநறவென்று நசுங்கியது. பகோலிக்கு உடம்பு கூசியது. வறுவலாகும்வரைக்கும் அதுவும் பூச்சிதானே.

“மருந்தடிச்சாங்களே ஜெர்மேன், இதுங்கள்லாம் எந்தப் பக்கத்துக் கிளி?”

“அது மலைக்கு அந்தப் பக்கம் அண்ணி. இங்க பாருங்க.” ஒன்றை எடுத்து அவள் மூஞ்சிக்கு நேரே நீட்டினான். அது அவன் விரலை உதைத்துத் துள்ளிப் போனது. “விஷம் குடிச்சது இப்படியா ஒதைக்கும்? போன வாரம் என் மச்சான் குடிச்சிட்டு வந்தான், அவன்கூட இவ்ளோ துள்ளல.”

பகோலி சிரித்துவிட்டாள். கூடையை நிறைத்தாள். வெட்டுக்கிளிக்கு இறக்கை எதற்கு, மலையைத் தாண்டத்தானே என்று அந்த நேரத்தில் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. முக்கால் கூடையை ஜெர்மேன் கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினாள். மீதியை எண்ணெய் டப்பாவில் போட்டுக்கொண்டு விடுதிக்குப் போனாள்.

ஒரு நாள் வலையில் வைத்துப் பார்க்க வேண்டும். அது அவளுக்கு நினைவில் இல்லாமல் இல்லை. ஆனால் படை வந்ததிலிருந்து மரவள்ளித் தோட்டம் மொட்டையாகி, வேறு பூச்சியே சிக்காமல் முசே இரண்டு நாளாகப் பட்டினி. மதாம் முசேவின் அனுமதிக் காகிதத்தைப் புதுப்பிக்கத் தலைநகரம் போயிருந்தாள். தாழ்வாரத்தில் ஒரு வெள்ளைக்காரத் தம்பதி காமிராவோடு காத்திருந்தார்கள். பகோலிக்கு அவசரம், தீனியை முடித்து, காலைச் சாப்பாட்டை முடித்து, வீட்டுக்குப் போய்த் தன் கையால் மகளுக்கு வறுத்துத் தர வேண்டும். துள்ளுவதைப் பார்த்தாள், பின்னங்காலை ஒடித்தாள், இடுக்கியில் பிடித்து நீட்டினாள். ஒன்று, இரண்டு, ஐந்து. முசே பசியில் வாங்கி வாங்கித் தின்றது. அந்த வெள்ளைக்காரப் பெண் கைதட்டினாள். பகோலி தலையைத் திருப்பிக்கொண்டாள்.

ஒரு மணி நேரம் கழிந்திருக்கும். மாவுப் பணியாரம் சுட்டுக்கொண்டிருந்தவளை அந்தப் பெண் வந்து கையைப் பிடித்து இழுத்தாள். பகோலி கரண்டியோடு போனாள்.

முசே கிளையில் இல்லை. கூண்டின் கம்பிவலையில் பக்கவாட்டில் தொங்கிக்கொண்டிருந்தது. சாணி நிறம் போய்க் கரியாகக் கறுத்திருந்தது. வாய் திறந்தபடி, ஓரத்தில் நுரை கலந்த கோழை ஒழுகியது. உடம்பு முழுக்கச் சின்னச் சின்னதாக வெட்டி வெட்டி இழுத்தது. இரண்டு கண்ணும் முதல்முறையாக ஒரே பக்கம் பார்த்தன, எதையும் பார்க்காமல்.

சீ, செத்துத் தொலையப் போகிறது, பழி என் தலையில் என்றுதான் பகோலி முதலில் நினைத்தாள். இடுக்கியை எடுக்கப் போனவள் டப்பாவைப் பார்த்தாள். காலையில் துள்ளிய கிளிகளில் பாதி மல்லாந்து கிடந்தன. ஒன்றின் கால் மட்டும் வெட்டி வெட்டி இழுத்தது, முசே இழுத்த மாதிரியே.

கரண்டி கீழே விழுந்தது.

அவள் ஓடினாள். ஐம்பத்திரண்டு வயது, கனத்த உடம்பு, காலில் ரப்பர் செருப்பு. சந்தை மேட்டில் ஒரு செருப்பு அறுந்து போனது, இன்னொன்றை அவளே உதறினாள். திமில் மாடுகளை ஓட்டிக்கொண்டு வந்தவர்கள், “என்னக்கா, வீடு பத்திக்கிச்சா?” என்று கேட்டார்கள். வரப்பில் இரண்டு முறை விழுந்தாள். எண்ணெயில் வறுபடுகிற அந்த வாசனை, அவளுக்கு உயிரான வாசனை, வாசலுக்கு முன்னாலேயே மூக்கில் ஏறியது. அவளுக்குக் குமட்டியது.

ஹரிசுவா அடுப்பின் பக்கத்தில் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் தட்டு. ஜெர்மேன் எதிரில் கையைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

“வா வா, உனக்கும் வெச்சிருக்கேன், இன்னும் ஒரு ஈடு…” என்று ஆரம்பித்தவளின் மடியிலிருந்த தட்டைப் பகோலி காலால் உதைத்துத் தள்ளினாள்.

“எத்தன தின்ன?”

“அம்மா! பைத்தியமா உனக்கு?”

“எத்தனடி தின்ன? சொல்லு!”

“மூணோ நாலோ… இப்பத்தான் மொத ஈடு எடுத்தோம்.”

பகோலி மகளின் பின்னந்தலையைப் பிடித்து, இரண்டு விரலை அவள் தொண்டைக்குள் விட்டாள். ஹரிசுவா திமிறினாள், கடித்தாள், பிறகு வாந்தி எடுத்தாள். சூடான புளித்த வாந்தி பகோலியின் கையில், மார்பில், பாவாடையில் வழிந்தது. ஆடை மிதக்கும் பாலைக் கண்டால் ஓடுகிறவள் அதற்குள் விரலை விட்டுத் துழாவினாள். கிளியின் தலை தெரிகிறதா, எத்தனை தலை என்று தேடினாள். அருவருப்பு அப்போது எங்கே போயிருந்தது என்று அவளுக்கே தெரியாது.

“நீ எத்தன தின்ன?” என்று ஜெர்மேனைக் கேட்டாள்.

“ரெண்டு…” என்றான். அவன் முகம் வெளுத்துவிட்டது. “அண்ணி, அது துள்ளிச்சே.”

“துள்ளிச்சு! இப்ப போய்ப் பாரு, எப்படித் துள்ளுதுன்னு!”

மூன்று பேரும் மாட்டு வண்டியில் ஆரோக்கிய நிலையம் போனார்கள். நர்ஸ் கண்ணில் விளக்கடித்துப் பார்த்தாள், நாடி பிடித்தாள், குழாய் வைத்துக் குழந்தையின் நெஞ்சுத் துடிப்பைக் கேட்டாள். கேட்டுவிட்டு, பகோலியின் காதிலும் அதை வைத்தாள். தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

“கொஞ்சம்தான் தின்னிருக்கா, பொழச்சா. சாயங்காலம் வரைக்கும் இங்கயே இருக்கட்டும். ஆனா இனிமே இப்படித் தொண்டையில கைய விடாதீங்க, மருந்து மேல ஏறி நெஞ்சுக்குள்ள போயிருந்தா இன்னும் மோசம். நேரா இங்க தூக்கிட்டு வரணும்.” நர்ஸ் பகோலியின் பாவாடையைப் பார்த்து மூக்கைப் பொத்தினாள். “எப்படித் தெரிஞ்சது உங்களுக்கு?”

ஹரிசுவாவும் கேட்டாள், படுக்கையில் சாய்ந்தபடி. “ஆமாம்மா. எப்படித் தெரிஞ்சது?”

“அது தின்னுச்சு.”

“எது?”

“அந்த அருவருப்பு. உனக்கு முன்னாடி அது தின்னுச்சு.”

“செத்துப் போச்சா?”

“சாகப் போவுது.”

“அப்ப நீ இங்க ஏன் உக்காந்திருக்க?”

பகோலி உட்கார்ந்தே இருந்தாள். மகளின் வயிற்றில் கை வைத்தாள். அந்தக் கையை ஒரு தடவை திருப்பிப் பார்த்தாள். பிறகு எழுந்து போனாள், வெறுங்காலோடு, அந்த நாற்றப் பாவாடையோடு.

விடுதித் தாழ்வாரத்தில் கூட்டம். தோட்டக்காரன், அறை பெருக்குகிறவள், வெள்ளைக்காரத் தம்பதி, எல்லாரும் கூண்டிலிருந்து பத்தடி தள்ளி. சேதி கேட்ட மதாம் தலைநகரத்திலிருந்து போனிலேயே மாட்டு டாக்டர் ரஜோனாவைப் பிடித்து அனுப்பியிருந்தாள். மாட்டுக்கு வைத்தியம் செய்து தொந்தி வளர்த்த மனுஷர் ஊசியில் மருந்தை ஏற்றி வைத்துக்கொண்டு, வியர்த்துப்போய் நின்றார்.

“டாக்டர், இன்னும் ஏன் போடல?”

“யாராவது புடிச்சாத்தானே போடறதுக்கு! காளைய அடக்கச் சொல்லு, அடக்கறேன். இத நான் தொட மாட்டேன் பகோலிம்மா. என் பொண்டாட்டி என்ன வீட்டுக்குள்ள விடமாட்டா.”

“அந்த வெள்ளைக்காரன் புடிப்பானே?”

“புடிக்க வந்தான். சரட்டுனு இழுத்தான், அதோட நகம் ஒண்ணு பிஞ்சே போச்சு. நான்தான் நிறுத்தினேன். கம்பியில நகம் மாட்டிருக்கு. ஒவ்வொரு விரலா எடுக்கணும், மெதுவா, பூ பறிக்கிற மாதிரி. சமையக்காரி கைதான் சரி.”

எல்லாரும் பகோலியைப் பார்த்தார்கள். அவளுடைய வீட்டு விலக்கு ஊருக்கே தெரியும். மகளுக்கு எத்தனையாவது மாதம் என்பதும் தெரியும்.

அவள் முதலில் பாத்திரம் பிடிக்கும் துணியைக் கையில் சுற்றிக்கொண்டு முயன்றாள். துணி நகத்தில் சிக்கியது. முசே வாயைப் பிளந்து சீறக்கூடத் தெம்பில்லாமல் கோழையை வழியவிட்டது. இடுக்கியால் நெம்பினாள், ஒடிந்து சேர்ந்த முன்னங்கால் வேறு பக்கம் மடங்கியது. “ஒடியப் போவுது, ஒடியப் போவுது” என்று டாக்டர் பின்னாலிருந்து கத்தினார்.

பகோலி துணியை வீசினாள். “எங்க அம்மா என்ன மன்னிக்கட்டும்” என்று உரக்கச் சொன்னாள். வெறுங்கையை உள்ளே விட்டாள்.

அவள் நினைத்ததைவிடக் கேவலமாக இருந்தது. தோல் காய்ந்த பலாத்தோல் மாதிரி சொரசொரத்தது, அதற்கடியில் ஜில்லென்று ஒரு தொளதொளப்பு, அதற்கும் அடியில் துடிக்கிற எலும்பு. வயிற்றைச் சுற்றி விரல் மூடியபோது உள்ளே ஏதோ நழுவியது. ஒவ்வொரு விரலாக நகத்தைக் கம்பியிலிருந்து எடுத்தாள். எடுத்த கால் அடுத்த நொடி அவள் கட்டைவிரலைக் கவ்வியது. வால் மணிக்கட்டில் சுற்றி இறுக்கியது. அது அவள் கையிலேயே கழிந்தது, வெள்ளையும் பழுப்புமாக. பகோலிக்குத் தொண்டைவரை வந்தது. அதை விழுங்கிக்கொண்டாள்.

“குத்துங்க.”

டாக்டர் கையை முழு நீளத்துக்கு நீட்டி, முகத்தை ஒரு பக்கம் திருப்பி, அரைக்கண் மூடிக்கொண்டு ஊசியைக் கொண்டுவந்தார்.

“கண்ணத் தொறந்து குத்துங்க டாக்டர்! என் கைல குத்திராதீங்க!”

குத்தினார். அப்புறம் செய்ய ஒன்றுமில்லை. நிழலில் வைத்திருக்க வேண்டும், உதட்டோரம் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட வேண்டும், பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். முசே அவள் கையை விடவில்லை. பிடி அவ்வளவு இறுக்கம். பகோலி தாழ்வாரத்துப் படியில் உட்கார்ந்தாள். அறை பெருக்குகிறவள் எட்டி நின்று தண்ணீர்க் கிண்ணத்தைக் காலால் தள்ளிவிட்டாள். மத்தியானம் சாய்ந்தது. கரிய நிறம் மெல்லத் தேய்ந்து சாம்பலானது. வெட்டி இழுப்பது நின்றது. வெயில் மலைக்குப் பின்னால் இறங்குகிற நேரத்தில் ஒரு கண் அசைந்து தோட்டக்காரனைப் பார்த்தது. இன்னொன்று திரும்பிப் பகோலியைப் பார்த்தது. அவ்வளவு கிட்டத்தில் அந்தக் கண்ணை அவள் பார்த்ததே இல்லை. சகிக்கவில்லை.

ஹரிசுவா அன்று சாயங்காலமே வீடு திரும்பினாள். ஜெர்மேன் இரண்டு நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்தான், அது விஷமா பயமா என்று நர்ஸாலும் சொல்ல முடியவில்லை. மதாம் வந்து, காகிதத்தில் இரண்டு கோடு போட்டிருந்த இடத்தைக் காட்டித் திட்டினாள். படை போகும்வரை ஊரில் யாரும் கிளி தின்னாமல் பார்த்துக்கொள்ளும் வேலையைப் பகோலியே எடுத்துக்கொண்டாள். சந்தையில் பால் டின்னால் அளந்து விற்றுக்கொண்டிருந்தவளிடம் போய், முசே எப்படி இழுத்தது என்று தன் உடம்பில் நடித்துக் காட்டினாள். அப்புறம் அந்தப் பெண்ணிடம் யாரும் வாங்கவில்லை. அவளுடைய சாபத்தையும் பகோலி வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

ஐந்து வாரம் கழித்துக் குழந்தை பிறந்தது, பெண். முதலில் வாங்கியது பக்கத்து வீட்டுக்காரியின் கை. பகோலி அடுப்படியில் வெந்நீர் காய்ச்சிக் கதவுவரை கொண்டுபோய் வைத்தாள். அதற்கு மேல் போகவில்லை. குழந்தையின் அழுகையைக் கேட்டு அவள் கை தானாக நீண்டது. இழுத்துப் பின்னால் கட்டிக்கொண்டாள். ஹரிசுவா, “யாரும்மா பாக்கப் போறாங்க, தூக்கு” என்றாள் ஒரு நாள். “நான் பாத்துட்டிருக்கேனே” என்றாள் பகோலி. அழுதாள். அதையும் புறங்கையால்தான் துடைத்துக்கொண்டாள்.

வீட்டில் இப்போது கிளி பிடித்தால் ஒரு நாள் முழுக்கக் கொசுவலையில், சர்க்கரைவள்ளி இலையோடு. மறுநாள் காலையில் ஒன்று மல்லாந்திருந்தாலும் கூடையோடு குழிக்குள். “மனுஷங்களுக்கும் சட்டம் வந்துருச்சு” என்று ஜெர்மேன் கேலி செய்கிறான், ஆனால் வலையை அவனும் ஒரு தடவை குனிந்து பார்த்துவிட்டுத்தான் உட்காருகிறான்.

விடுதியில் பகோலி இடுக்கியை அடுப்பில் போட்டு எரித்துவிட்டாள். கை கெட்டதுதான் கெட்டுவிட்டது, இனி இடுக்கி எதற்கு? விரலில் பிடித்தே நீட்டுகிறாள். நாக்கு வந்து பூச்சியோடு விரல் நுனியிலும் ஒட்டி, பசைபோல் இழுத்துக்கொண்டு பிரிகிறது. ஒவ்வொரு நாளும் அவளுக்குக் குமட்டுகிறது. ஒவ்வொரு நாளும் மூன்று முறை சாம்பல் போட்டுத் தேய்க்கிறாள். நேற்று முசே ஒரு சுவர்க்கோழியைத் தின்ன மறுத்து முகத்தைத் திருப்பிக்கொண்டது. பகோலி பயந்துபோய்க் கூண்டுக்குள் தலையை விட்டாள்.

“தின்னுடா” என்றாள். “சுத்தமானது, ஒரு நாள் வெச்சுப் பாத்துட்டேன். தின்னு. என் பேத்தியத் தூக்கறதுக்கு முன்னாடி உன்னத்தான் தூக்கினேன், அருவருப்பு புடிச்சவனே. அதுக்காகவாவது சாகாம இரு.”